சிதம்பரம் வீட்டு ஓவனும் என் வயிற்றெரிச்சலும்

ஓவனுக்கு எத்தனை எம்.எம். வயர் இழுக்க வேண்டும், எத்தனை ஆம்பியரில் எம்.சி.பி. சுவிட்ச் போட வேண்டும் என்றெல்லாம் நான் இங்கே எழுதப் போவதில்லை. ஓவன் வருகிற அட்டைப் பெட்டிக்குள்ளேயே அதற்கு ஒரு தாள் இருக்கிறது. நம் ஆட்களில் பாதிப் பேர் அதைப் பிரிக்காமலே குப்பையில் போடுகிறார்கள், அது வேறு விஷயம். எலக்ட்ரீசியன் சங்கத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு என் அனுபவத்திலிருந்து ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். முப்பத்து நாலு வருஷம் கடலூரிலும் சிதம்பரத்திலும் வீடு வீடாக வயரிங் செய்துவிட்டு இப்போது ஓய்வில் இருக்கிறேன். பெருமையாகச் சொல்லிக்கொள்ள நாலு விஷயம் எனக்கும் உண்டு. ஆனால் நான் என் வயிற்றெரிச்சலைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். அதனால் ஒரு வீட்டில் உயிர் போகப் பார்த்தது.

எனக்கு வயிற்றெரிச்சல் ஜலீல் பாய் மேல். பரங்கிப்பேட்டைக்காரர். என்னைவிட எட்டு வயது சின்னவர். குவைத்தில் பதினைந்து வருஷம் எலக்ட்ரீசியனாக இருந்துவிட்டு ஊர் திரும்பி, சிதம்பரத்தில் கடை போட்டார். நம் பக்கத்து வீடுகளில் சமையலறை அலமாரிக்குள்ளேயே பதிக்கிற ஓவன் வர ஆரம்பித்ததும் அவர் வந்ததும் ஏறக்குறைய ஒரே சமயம். அவர் அதிர்ஷ்டம் என்றுதான் நான் அப்போது சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அவர் பெயரை முதலில் கேட்டது குறிஞ்சிப்பாடியில். அங்கே ஒரு மளிகைக்கடைக்காரர் அந்த மாதிரி ஓவன் வாங்கி என்னைக் கூப்பிட்டார். மேஜைமேல் வைக்கிற சின்ன ஓவனைத் தவிர வேறு எதையும் அதுவரை நான் பார்த்ததில்லை. தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. ஃப்ரிட்ஜுக்குப் போட்டிருந்த ப்ளக்கிலேயே இதையும் சொருகிவிட்டு வந்துவிட்டேன். நாலாம் நாள் ப்ளக் உருகி வீடெல்லாம் நாற்றம். என்னைக் கூப்பிட்டுத் திட்டியிருந்தால்கூடத் தேவலை. கூப்பிடவே இல்லை. ஜலீல் பாயைக் கூப்பிட்டார்கள். அவர் மெயின் போர்டிலிருந்து தனி லைன் இழுத்துக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

பிறகு ஒரு நாள் ஃபேன் ரிப்பேருக்கு அதே வீட்டுக்குப் போனேன். அந்த வீட்டம்மா என்னை நிற்க வைத்துப் போர்டைத் திறந்து காட்டினார். ஒவ்வொரு சுவிட்சுக்கும் கீழே தமிழில் சீட்டு ஒட்டியிருந்தது. சமையலறை, மோட்டார், ஓவன். "சுவத்தத் தொளைக்கும்போது கீழ துணிய விரிச்சிக்கிறாருங்க. பக்கத்துலயே தூசி உறிஞ்சற மெஷின வச்சிக்கிறாரு. ஒரு பொட்டு அழுக்கு இல்ல" என்றார். பாராட்டுவதற்கு என் காதுதான் கிடைத்ததா?

என் வீட்டிலும் விடவில்லை. "அந்தப் பாய் வேல செஞ்சிட்டுப் போனா சுவத்துல கை அழுக்குகூட இருக்காதாமே" என்றாள் என் மனைவி. எங்கள் வீட்டுச் சுவரில் சுவிட்சைச் சுற்றி என் கை அழுக்கு இருபது வருஷமாக இருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

ஜலீல் பாயிடம் எர்த் அளக்கிற மீட்டர் ஒன்று இருந்தது. மஞ்சள் நிறம், தோளில் மாட்டிக்கொள்ள வார். யாருக்கும் தெரியாமல் அதே மாதிரி ஒன்று நானும் வாங்கினேன். எப்படிப் பயன்படுத்துவது என்று எவனிடமும் கேட்க வெட்கம். பையின் அடியில் துணி சுற்றிக் கிடந்தது.

இனி சிதம்பரத்துக்கு வருகிறேன். அங்கே சுமதி என்று ஒருவர். அதற்குப் பன்னிரண்டு வருஷம் முன் அவர்கள் வீடு கட்டியபோது மெயின் போர்டிலிருந்து வாசல் விளக்கு வரை முழு வயரிங்கும் நான் செய்தது. கணவருக்கு வெளியூரில் வேலை, வாரத்துக்கு ஒருமுறை வருவார். யு.கே.ஜி. படிக்கும் பெண் குழந்தை ஒன்று. சுமதி பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு வீட்டிலேயே கேக் செய்து விற்க ஆரம்பித்திருந்தார். சின்ன ஓவன் போதாமல் பெரிய ஓவன் வாங்கினார். அந்த வீட்டில் ஒரு பல்பு மாற்றுவதென்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஓவனுக்கு மட்டும் என்னைக் கூப்பிடவில்லை.

அலமாரி வேலை செய்த மங்கலம்பேட்டை ஆசாரி வேறு எதற்கோ போன் செய்தவர், பேச்சுவாக்கில் சொன்னார். "சுமதி வீட்டுல ஓவன் ஏத்துறோம். பாய் வந்திருக்காரு. நீங்க வர்லியா?" என்றார். கையிலிருந்த வேலையை அப்படியே போட்டுவிட்டு வண்டியை எடுத்தேன். கடலூர் மஞ்சக்குப்பத்தில் என் வீட்டிலிருந்து சிதம்பரம் ஒரு மணி நேரம். வழியெல்லாம் மனசுக்குள் அந்த அம்மாவோடு சண்டை போட்டுக்கொண்டே போனேன். வாசலில் இறங்கும்போது மட்டும் ஏதோ அந்தப் பக்கம் வந்தவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன்.

"வாங்கண்ணே, நல்ல நேரத்துல வந்தீங்க" என்றார் சுமதி. "எர்த் சரியில்லன்னு பாய் சொல்றாரு. நீங்க போட்டதுதான?"

ஜலீல் பாய் போர்டுக்குக் கீழே உட்கார்ந்து மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். "எர்த் ரொம்ப வீக்கா காட்டுதுண்ணே. நீங்க போட்டப்ப நல்லாத்தான் இருந்திருக்கும். எர்த் குழி மேல டைல்ஸ ஒட்டிட்டாங்க. தண்ணி ஊத்த வழியில்ல. பைப்பும் அரிச்சிருக்கும். கிணத்தோரமா வேற குழி போட்டுடலாம்."

என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. எனக்கு அதுதான் இன்னும் ஆத்திரமாக இருந்தது. மட்டமாகப் பேசியிருந்தால் திருப்பிப் பேசியிருக்கலாம்.

"எவ்ளோ நாளு ஆவும் பாய்?" என்றார் சுமதி.

"ரெண்டு நாளுமா. அதுவரைக்கும் ஓவன ஓட்ட வேணாம்."

ஞாயிற்றுக்கிழமை ஒரு மண்டபத்துக்குப் பெரிய கேக் தருவதாக அந்த அம்மா ஒத்துக்கொண்டிருந்தார். முதல் பெரிய ஆர்டர். அவர் என் முகத்தைப் பார்த்தார். அந்த ஒரு பார்வை போதுமானதாக இருந்தது. பையிலிருந்து ஹோல்டரையும் நூறு வாட்ஸ் பல்பையும் எடுத்தேன். ஒரு வயரைக் கரண்ட் வரும் முனையில் வைத்தேன், இன்னொன்றை எர்த்தில் வைத்தேன். பல்பு பளிச்சென்று எரிந்தது.

"இங்க பாரும்மா, கண்ணு கூசுது. எர்த் இல்லாம பல்பு எரியுமா?" என்றேன்.

இதை நம் பக்கத்தில் எல்லோரும் செய்கிறோம். நானும் அதுவரை ஆயிரம் வீட்டில் செய்திருப்பேன். ஜலீல் பாய் தணிந்த குரலில் சொன்னார். "பல்புக்கு அர ஆம்பியர்கூட வேணாம்ணே, எரிஞ்சிடும். ஓவன் பாடியில கரண்ட் எறங்கிச்சின்னா இந்த எர்த் இழுக்காது. எம்.சி.பி. விழுந்து லைன வெட்டாது. பாடி அப்பிடியே கரண்டோட நிக்கும்."

அவர் சொன்னது எனக்குப் புரிந்தது. புரியவில்லை என்று நான் யாரிடமும் பொய் சொன்னதில்லை, உங்களிடமும் சொல்லப் போவதில்லை. என் பையின் அடியில் அதே மீட்டர் இருந்தது. எடுத்து வைத்துப் பார்த்திருந்தால் அதே எண்ணைத்தான் காட்டியிருக்கும். ஆனால் என் வாயிலிருந்து வந்தது இது: "அதெல்லாம் குவைத்துல, பாய். நான் போட்ட எர்த்துலதான் பன்னெண்டு வருஷமா இந்த வீடு ஓடுது. நீ கவலப்படாதம்மா, ஒரு மணி நேரத்துல நான் ஓட்டிக் காட்டுறேன்."

அவர் வாதாடவில்லை. துணியை உதறி மடித்தார், பையை மூடினார். வாசல்வரை போனவர் திரும்பி, "நான் போட்ட ட்ரிப்பர மட்டும் எடுத்துடாதீங்கண்ணே" என்று சொல்லிவிட்டுப் போனார். கரண்ட் லேசாக எர்த்தில் கசிந்தாலே லைனை வெட்டிவிடுகிற ட்ரிப்பர் அது. எர்த் மோசமான வீட்டில் ஆளைக் காப்பாற்றுவது அது ஒன்றுதான்.

ஓவனை ஆன் செய்தேன். பத்து நிமிஷத்தில் ட்ரிப்பர் விழுந்தது. தூக்கிவிட்டேன், மறுபடி விழுந்தது. புது ஓவனின் ஹீட்டருக்குள் ஈரம் ஏறியிருந்தால் முதல் நாள் இப்படி விழும் என்பது எனக்குப் பிற்பாடு தெரிந்தது. அன்றைக்கே தெரிந்திருக்கலாம். ஜலீல் பாய் கடைக்குத்தான் போயிருப்பார், ஒரு போன் போதும். எப்படிச் செய்வேன்? பக்கத்திலேயே நின்ற சுமதி வேறு, "என்னாண்ணே, பாய் சொன்னாப்லயே ஆவுதே" என்றார்.

பாய் சொன்னாப்லயே. அந்த வார்த்தை என்னைக் கொன்றுவிட்டது. "அவரு போட்ட ட்ரிப்பரு சரியில்லம்மா" என்றேன். ட்ரிப்பருக்கு உள்ளே வருகிற வயரையும் வெளியே போகிற வயரையும் நேராகச் சேர்த்து முறுக்கி டேப் சுற்றினேன். ட்ரிப்பர் சும்மா பொம்மையாக நின்றது. ஓவனை அலமாரிக்குள் தள்ளினேன். மிச்ச வயரைச் சுருட்டி அதன் முதுகுக்குப் பின்னால் திணித்தேன். ஓட்டிக் காட்ட வேண்டும் என்கிற அவசரம்.

ஓவன் ஓடியது. கேக்கும் நன்றாக எழும்பி வந்தது. சுமதி ஒரு துண்டு வெட்டி என் கையில் கொடுத்து, "என்னா இருந்தாலும் நீங்க நீங்கதாண்ணே" என்றார். அந்த மாதிரி ருசியான கேக்கை நான் அதற்கு முன்னும் சாப்பிட்டதில்லை, பின்னும் சாப்பிட்டதில்லை. மஞ்சக்குப்பத்து டீக்கடையில் இதை ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தேன். உங்களில் சிலரின் அப்பாக்கள்கூடக் கேட்டுச் சிரித்திருப்பார்கள்.

இரண்டு மாதம் போயிற்று. மழைக்காலம். ஒரு நாள் சாயங்காலம் நாலு மணி இருக்கும். மஞ்சக்குப்பம் மைதானத்துக்கு எதிரே நின்றுகொண்டிருந்தேன். சுமதி போன் செய்தார்.

"அண்ணே, ஓவன் கைப்பிடியத் தொட்டா ஜிவ்வுங்குது. காலையில லேசாத்தான் இருந்திச்சி. இப்ப ஜாஸ்தியா இருக்குது."

தம்பிகளே, தங்கைகளே, இந்த இடத்தை மட்டும் இரண்டு தடவை படியுங்கள். ஷாக் அடிக்கிறது என்று ஒரு வீட்டிலிருந்து போன் வந்தால் நம் வாயில் முதலில் வர வேண்டிய வார்த்தை, மெயினை ஆஃப் பண்ணுங்கள் என்பது. காரணம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். எனக்கு அந்த வார்த்தை தொண்டை வரை வந்தது. ஆனால் அதைச் சொன்னால் அந்த அம்மா ஏன் என்று கேட்பார். ஏன் என்று கேட்டால் எர்த் என்று சொல்ல வேண்டும். எர்த் என்று சொன்னால் ஜலீல் பாய் சொன்னது சரி என்றாகிவிடும். இவ்வளவும் எவ்வளவு நேரத்தில் என் மனசில் ஓடியது என்கிறீர்கள்? ஒரு மூச்சு விடுகிற நேரம்கூட இல்லை.

"மழக்காலத்துல அப்பிடித்தாம்மா இருக்கும். ஈரக் கையோட தொடாத. செருப்பு போட்டுக்க. நான் நாளைக்கு வந்து பாக்குறேன்" என்றேன்.

"உள்ள கேக் இருக்குதுண்ணே, ஏழு மணிக்குக் குடுக்கணும்."

"ஒண்ணும் ஆவாது. செருப்பு போட்டுக்கிட்டு எடு."

போனை வைத்தேன். வயரைச் சுருட்டி முதுகுக்குப் பின்னால் திணித்தது, ட்ரிப்பரை முறுக்கிவிட்டது, எல்லாம் ஒவ்வொன்றாகக் கண்முன் வந்தன. ஓவனின் சூட்டில் வயர் தோல் உருகிப் பாடியில் ஒட்டியிருக்க வேண்டும். எர்த் இழுக்காது, எம்.சி.பி. விழாது, ட்ரிப்பர் செத்துக் கிடக்கிறது. நான் போய்ச் சேர ஒரு மணி நேரமாகும். ஜலீல் பாய் கடையிலிருந்து அந்த வீட்டுக்குப் பத்து நிமிஷம். அவர் நம்பர் என் போனில் இருந்தது. குவைத் என்று பேர் போட்டு வைத்திருந்தேன்.

நான் அவருக்குப் போன் செய்யவில்லை. சுமதிக்கே திரும்பப் போன் செய்து மெயினை ஆஃப் பண்ணச் சொல்லியிருக்கலாம், அதையும் செய்யவில்லை. ஒன்றும் ஆகாது, நாளைக்குப் போய்ச் சத்தமில்லாமல் சரி செய்துவிடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு டீ ஒன்று வாங்கிக் குடித்தேன். முழுசாகக் குடித்தேன்.

டம்ளரை வைத்துவிட்டுச் சுமதிக்குப் போட்டேன். வேறு யாரோடோ பேசிக்கொண்டிருப்பதாகச் சொன்னது. பேசி முடிக்கட்டும் என்று கால் மணி நேரம் விட்டு மறுபடி போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. இன்னொரு தடவை. எடுக்கவில்லை. அப்போதுதான் எனக்குப் பயம் உச்சிக்கு ஏறியது. மானமாவது மரியாதையாவது என்று ஜலீல் பாய்க்குப் போட்டேன்.

"பாய், சுமதி வீட்டுக்கு ஒடனே போங்க. மெயின ஆஃப் பண்ணுங்க. ஓவன் பாடியில கரண்ட் இருக்குது. ட்ரிப்பர நான் டைரக்ட் பண்ணிட்டேன்."

"நான் இங்கதாண்ணே இருக்கேன். மெயின் ஆஃப் பண்ணியாச்சி. எல்லாரும் நல்லா இருக்காங்க. நீங்க மெதுவா வண்டிய ஓட்டிக்கிட்டு வாங்க" என்றார்.

என் மனசில் முதலில் வந்தது நிம்மதி என்றுதான் நீங்கள் நினைப்பீர்கள். இல்லை. அவரைக் கூப்பிட்டுவிட்டாளே என்பதுதான் முதலில் வந்தது. நிம்மதி அதற்குப் பிறகுதான் வந்தது. என் ஜென்மம் அப்படி.

நான் போய்ச் சேர்ந்தபோது வீடு இருட்டிக்கொண்டிருந்தது. ஜலீல் பாய் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு ஓவனை வெளியே இழுத்து வைத்திருந்தார். பின்னால் என் வயர் கருகிப் பாடியோடு ஒட்டியிருந்தது. போர்டும் திறந்திருந்தது. டேப் சுற்றிய என் முறுக்கு நன்றாகத் தெரிந்தது. சுமதி வாசற்படியில் குழந்தையை மடியில் வைத்து இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"என்னாண்ணே ஆச்சி? பாயக் கேட்டா, அண்ணன் வரட்டும், அவரே சொல்லுவாருன்றாரு" என்றார்.

ஜலீல் பாய் அந்த அம்மாவிடம் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. பழி போடுவதற்குக் கையில் எல்லாம் இருந்தும் எனக்காக விட்டு வைத்திருந்தார். அந்த நேரத்தில்கூட, இந்த மனுஷன் எப்படி இவ்வளவு நல்லவனாக இருக்கிறான் என்று எனக்குப் பற்றிக்கொண்டுதான் வந்தது. ஆனாலும் சொன்னேன். பல்பு எரிந்தால் எர்த் நல்லது என்று அர்த்தமில்லை என்று சொன்னேன். ட்ரிப்பரை முறுக்கிவிட்டது நான், வயரைத் திணித்தது நான், பாய் சொன்னது அன்றைக்கே எனக்குப் புரிந்தது என்பது வரை எல்லாவற்றையும் சொன்னேன்.

"போன்லயே மெயின ஆஃப் பண்ணச் சொன்னேன். வந்து ஒரு தடவ போட்டு மீட்டர வச்சிப் பாக்கும்போது பாடியில நூத்தி எண்பது வோல்ட்டுண்ணே" என்றார் ஜலீல் பாய். அவ்வளவுதான் அவர் பேசியது. பிறகு டார்ச்சை எடுத்துக்கொண்டு எர்த் குழிக்கு இடம் பார்க்கக் கிணற்றுப் பக்கம் போய்விட்டார்.

நானும் பேசாமல் அவர் பின்னால் போயிருக்க வேண்டும். போகவில்லை. இத்தனைக்கும் பிறகும் ஒன்று என்னை அறுத்துக்கொண்டே இருந்தது. கேட்காமல் இருக்க முடியவில்லை.

"ஏம்மா, என்கிட்டதான் கேட்ட. ஒண்ணும் ஆவாதுன்னு நான்தான் சொன்னன். அப்புறம் எதுக்கு அவரக் கூப்ட்ட?"

சுமதி என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபம் இருந்த மாதிரி தெரியவில்லை. களைத்துப்போன குரலில் சொன்னார்.

"நீங்க சொன்ன மாதிரி செருப்பு போட்டுக்கிட்டுத்தாண்ணே நின்னேன். இவ ஸ்கூல்லேந்து வந்தா. ஷூவ வாசல்ல கழட்டிப் போட்டுட்டு, மழையில நனஞ்ச காலோட, கேக் எப்பிடி எழும்புதுன்னு பாக்க ஓவன்கிட்ட ஓடுனா. கண்ணாடியில கை வைக்கப் போனா. பின்னாலேந்து கவுனப் புடிச்சி இழுத்தேன். அப்பதாண்ணே பாய்க்குப் போன் பண்ணேன்."

குழந்தை அம்மாவின் மடியில் தூங்கிப்போயிருந்தாள். பாதத்தில் சேறு காய்ந்திருந்தது. நான் மண்வெட்டி எங்கே இருக்கிறது என்று கேட்டு வாங்கிக்கொண்டு கிணற்றுப் பக்கம் போனேன்.